அக்கா காதுபட

சாகக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க பிரிஸ்பேனிலிருந்து டெப்ரா வந்திருந்தபோது, வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் மனாசே. எங்கள் ஹாபாய்த் தீவுகள் எல்லாவற்றிலிருந்தும் நர்சுகள் ஆஸ்பத்திரி இருக்கிற லிஃபூகாத் தீவுக்குப் படகேறி வந்திருந்தார்கள். சர்ச் மண்டபத்தில் பாய் விரித்து வகுப்பு. ஆளுக்கொரு வேஷம் போட்டு நடித்துக்காட்டச் சொன்னாள் டெப்ரா. மனாசேயின் முறை வந்தபோது, அவனோடு ஒரே கிளினிக்கில் வேலை பார்க்கும் கலோலைனே கரியால் மீசை வரைந்துகொண்டு, ஈரல் கெட்டுப்போன கிழட்டு மீனவனாக ஒரு பெஞ்சில் படுத்துக்கொண்டாள். சிரிக்கவைத்தே அவனைக் கவிழ்த்துவிடுவது என்று அவளுக்குத் திட்டம்.

மனாசே சிரிக்கவில்லை. அவளைவிடத் தாழ்வாகத் தரையில் உட்கார்ந்தான். கிழவன் புலம்பி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நோய் இனிமேல் குணமாகாது என்பதைச் சுற்றிவளைக்காமல் சொன்னான். பிறகு, டெப்ரா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த அந்தக் கேள்வியைக் கேட்டான்: "இப்ப உங்களுக்கு எது ரொம்ப முக்கியம்?" நடிக்க வந்த கலோலைனே, செத்துப்போன தன் அப்பாவை நினைத்து விம்மி விம்மி அழுதுவிட்டாள். கரி மீசை கன்னமெல்லாம் வழிந்தது. அதைப் பார்த்து எல்லோரும் அழுதபடியே சிரித்தார்கள்.

டெப்ரா நல்ல மனுஷி. வாங்கிய சம்பளத்துக்கு மேலேயே உழைத்தாள். விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மார்ஃபினைத் தோலுக்கடியில் மெல்லிய ஊசியால் ஏற்றுவது, அந்த ஊசியை எங்கே குத்தலாம், எங்கே குத்தக் கூடாது, வீங்கிப்போன கைகாலில் ஏற்றினால் மருந்து உடம்பில் சேராமல் கசிந்து வீணாகிவிடும் என்பது வரை எல்லாவற்றையும் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக் காட்டினாள். ஒரு நர்சுக்குத் தெரிந்தது இன்னொரு நர்சுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசிக்கொள்ளுங்கள் என்றாள். கடைசி நாளன்று, உங்கள் தீவில் இதையெல்லாம் செய்ய எது தடையாக இருக்கும் என்று கேட்டாள். படகு என்றார்கள். டீசல் என்றார்கள். மருந்து நேரத்துக்கு வந்து சேராது என்றார்கள். அக்கா தங்கை விஷயத்தை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. அது ஒரு தடை என்று எங்கள் ஆட்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

எங்கள் தீவுகளில் அக்கா தங்கை இருக்கிற அறைக்குள் அண்ணன் தம்பி கால் வைக்க மாட்டான். உடம்பைப் பற்றி, நோயைப் பற்றி, படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை அவர்கள் காதுபடப் பேச மாட்டான். அவர்களும் அவன் காதுபடப் பேச மாட்டார்கள். அவர்கள் உடம்பைப் பற்றி வேறு யாரும் அவனிடம் பேசவும் மாட்டார்கள், அவன் கேட்கவும் மாட்டான். பயத்தில் செய்வதல்ல இது. அக்காளும் தங்கையும் அவனைவிட உயர்ந்தவர்கள். அந்த உயரத்துக்குக் கொடுக்கிற மரியாதை. இதில் கூடப் பிறந்தவள் என்றும் பெரியம்மா மகள், அத்தை மகள், மாமன் மகள் என்றும் பேதம் கிடையாது, எல்லோரும் அக்கா தங்கைதான். மனாசேயின் தீவு கையகலம். கணக்குப் பார்த்தால் ஊரில் பாதிப் பெண்கள் அவனுக்கு அக்கா தங்கை. அதனால் கிளினிக்கில் பெண்களை, அவனுக்கு அக்கா தங்கை முறை வராத கலோலைனே பார்ப்பாள், ஆண்களை மனாசே பார்ப்பான். பிள்ளைகளை யார் கையில் சிக்குகிறார்களோ அவர்கள் பார்ப்பார்கள்.

ஊர் திரும்பிய பிறகு டெப்ரா சொன்னபடியே இருவரும் தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். யாருக்குப் புண் ஆறவில்லை, யார் மாத்திரையைப் பன்றிக்குப் போட்டுவிட்டு முழுங்கியதாகப் பொய் சொல்கிறார் என்று ஒன்று விடாமல் பேசினார்கள். லோசலினேயைப் பற்றி மட்டும் பேசவில்லை.

லோசலினே மனாசேயின் பெரியம்மா மகள். சின்ன வயதில் பக்கத்துப் பக்கத்து வீடு. மீசை அரும்பத் தொடங்கியதும் அவன் பையன்கள் படுக்கிற குடிசைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் தலை தெரிந்தால் அவன் பேச்சைக் குறைத்துக்கொள்வான், அவள் உட்கார்ந்து படம் பார்க்கிற வீட்டிலிருந்து எழுந்து வந்துவிடுவான். ஆனால் அவன் தோட்டத்தில் தோண்டுகிற முதல் வள்ளிக்கிழங்கு அவள் வீட்டுக்குத்தான் போகும். அவள் பின்னிய பாயைத்தான் அவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, எங்கள் வழக்கப்படி மரியாதைக்காக, இடுப்பில் சுற்றிக்கொள்வான். ஊரில் அவனைவிட அவள்மேல் பாசம் வைத்தவன் ஒருத்தன் இருந்ததில்லை. புருஷன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். கூட இருந்தது, கடையில் கணக்கு எழுதும் மகள் விக்கா.

அவளுக்கு வந்தது மார்பில் வரும் நோய். மனாசேக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவும் ஊர் வாய்வழியாகத்தான். தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது வரை காதில் விழுந்தது. தினமும் சாயங்காலம் கலோலைனே பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். திரும்பி வரும்போது அவள் முகத்தை மனாசே பார்க்க மாட்டான். பார்த்தால் கேட்கத் தோன்றும். ஊர்ப் பன்றிகளுக்கு என்ன நோய் என்று தெரிந்த அளவுகூட அவனுக்கு அக்காவின் நோய் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் அடுத்த பயிற்சியில் கலோலைனேயும் சொல்லிக்கொடுக்க வர வேண்டும் என்று டெப்ரா ஆளனுப்பினாள். தலைநகரில் ஒரு வாரம். சனிக்கிழமைப் படகு. துறையில் மூட்டையோடு நின்ற கலோலைனே மனாசேயைப் பார்த்து, போகட்டுமா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. நாள் தாங்குமா என்று அவன் கேட்டிருக்க வேண்டும். தாங்காது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும்.

"மருந்து விக்காகிட்ட இருக்குல்ல?" என்று கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இருக்கு. குடிக்கிற மருந்துதான்."

"அப்ப போயிட்டு வா."

கலோலைனே இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். கிளினிக்கில் வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. படகுக்காரன் கூப்பிட, ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் எங்கள் நாட்டில் படகு ஓடாது, விமானம் பறக்காது, தேங்காய் உரிக்கிற சத்தம்கூடக் கேட்காது. காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது விக்கா சர்ச் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பாய் சுற்றவில்லை. வீட்டில் போடுகிற சட்டையோடு சர்ச் வாசலில் வந்து நிற்கிறாள் என்றால் விஷயம் என்னவென்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் சுருதியை விட்டார்கள். மனாசே வெளியே வந்தான். அம்மாவால் விழுங்க முடியவில்லை, கொடுத்த மருந்தெல்லாம் கடைவாயில் வழிந்துவிடுகிறது, விடிந்ததிலிருந்து துடிக்கிறாள் என்றாள் விக்கா. அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அழுவதற்கும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மனாசே லிஃபூகா டாக்டருக்குப் போன் போட்டான். ஊசியில் ஏற்ற வேண்டியதுதான், உனக்குத் தெரியாததா என்றார் அவர். அவள் எனக்கு அக்கா என்றான் மனாசே. வேறு யாரும் இல்லையா என்று கேட்டார் டாக்டர். இல்லை என்றான். போ என்றும் அவர் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லோசலினே வீட்டுக்குப் போனான். வாசற்படி வரை போய், கால் தானாக நின்றுவிட்டது. வீட்டைச் சுற்றிப் போய் அவள் படுத்திருக்கிற அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அடிபட்ட மிருகம் போடுகிற சத்தம் அது. அவன் தொண்டையைச் செருமியதும் நின்றுவிட்டது.

"அக்கா, நான் மனாசே."

"தெரியும். செருமுன சத்தத்துலயே தெரியும்."

குரல் காய்ந்து போயிருந்தது. ஆனாலும் அக்காவின் குரல்தான்.

"ஊசியிலதான் மருந்து போடணும். கலோலைனே வர ஒரு வாரம் ஆகும். என்ன விட்டா வேற ஆள் இல்ல."

வகுப்பில் கற்றுக்கொண்டதை நினைத்துப் பார்த்தான். அவசரப்படாமல் இருந்தான். பிறகு கேட்டான். "இப்ப உங்களுக்கு எது ரொம்ப முக்கியம், அக்கா?"

"நீ உள்ள வராம இருக்கிறது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "இத்தன வருஷம் குடுத்த மரியாதைய கடைசியில வந்து பறிச்சுக்காதே, தம்பி."

"வலிக்குமே அக்கா."

"வலிக்கட்டும். வலிச்சது யாருக்கும் ஞாபகம் இருக்காது. நீ பாத்துட்டா உனக்கு ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அது வேண்டாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அக்காளின் வார்த்தையைத் தாண்டிப் போகிற தம்பி எங்கள் தீவில் பிறக்கவில்லை. அவள் கேட்டதைக் கொடுப்பதுதான் நர்சின் வேலை என்று டெப்ராவும் சொல்லியிருக்கிறாள். பழக்கமும் பாடமும் ஒரே பக்கம் நின்றதில் மனாசேக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. விக்காவை வைத்தே செய்துவிடலாம் என்று முடிவு செய்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை ஜன்னல் வழியே நீட்டினான். கையைக் கழுவச் சொன்னான், மருந்தை எந்தக் கோடு வரை இழுப்பது என்று சொன்னான், ஊசியைச் சாய்த்துப் பிடிக்கிற விதத்தைச் சொன்னான். கடைக் கணக்கெழுதிப் பழகிய பெண், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"எங்க குத்தணும், மாமா?"

வயிற்றில் மடிப்பைப் பிடித்துக் குத்து என்று சொல்ல வேண்டும். அதுதான் சரியான இடம். இல்லையென்றால் தொடை. ரப்பர் பொம்மையின் வயிற்றில் அவன் ஊசி போட்ட அழகைப் பார்த்து டெப்ரா கைதட்டியிருந்தாள். இப்போது அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் காதுபட அவள் வயிற்றைச் சொல்ல அவன் நாக்கு எழவில்லை.

"கையில," என்றான். "தோளுக்குக் கீழ."

"கை வெறும் எலும்பா இருக்கே மாமா."

"ரெண்டு கையுமா?"

"ஒரு கையில சதை இருக்கு."

உடம்பெல்லாம் வற்றிப்போனவளுக்கு ஒரு கையில் மட்டும் எப்படிச் சதை இருக்கும் என்று எந்த நர்சும் கேட்டிருப்பான். மனாசேயும் வேறு எந்த வீட்டிலும் கேட்டிருப்பான். ஆனால் அந்தக் கேள்வி கையோடு நிற்காது, நோய் இருக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். மனசு அங்கே போவதற்கு முன்பே திரும்பிக்கொண்டது.

"அப்ப அதுலயே குத்து."

விக்கா குத்தினாள். மருந்து உள்ளே போய்விட்டதாகச் சொன்னாள். மனாசே வாளியில் உட்கார்ந்து காத்திருந்தான். முனகல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டான். அம்மாவுக்குப் பரவாயில்லையாம், வலி குறைந்திருக்கிறதாம் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விக்கா சொன்னாள். மனாசே முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதான். வாய்விட்டுச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான்.

அன்று முழுக்க அவன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சாகிறவரைத் தனியாக விடக் கூடாது, அவருக்குப் பிடித்த குரல் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று படித்தவன் ஆயிற்றே. ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். இந்த வருஷம் வள்ளிக்கிழங்கு எப்படி விளைந்திருக்கிறது, போதகர் பிரசங்கத்தில் தூங்கி வழிந்தது யார் யார், சின்ன வயதில் பெரியம்மா துரத்தத் துரத்த அவனும் அக்காவும் சாப்பிடாமல் கடலுக்கு ஓடியது. சர்ச் முடிந்து போகிறவர்கள் தூரத்திலேயே குனிந்து நடந்து போனார்கள். யாரோ சேப்பங்கீரையில் பொதிந்து வேகவைத்த கறியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அது ஆறிக் கிடந்தது. மத்தியானம் மறுபடி ஒரு ஊசி, அதே கையில். உள்ளே சத்தமே இல்லை. ஒரே ஒரு தடவை, நீ வீட்டுக்குப் போகலையா தம்பி என்று கேட்டாள் லோசலினே. உங்களை விட்டுவிட்டுப் போவேனா அக்கா என்றான் மனாசே.

வெயில் சாயும்போது விக்கா கத்தினாள். அக்கா போய்விட்டாள் என்று மனாசேக்குப் புரிந்தது. அந்தத் துக்கத்துக்கு நடுவில், சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு பெருமையும் இருந்தது. அக்காவின் மானத்துக்கும் பழுது வரவில்லை, வலியும் இல்லாமல் அனுப்பிவைத்தாயிற்று. இதை டெப்ராவிடம் சொல்ல வேண்டும், அறைக்குள் போகாமலே செய்ய முடியும் என்று அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சாவு வீட்டில் செத்தவரைவிடத் தாழ்ந்த முறையுள்ளவர்களுக்கு வெளியேதான் வேலை. மனாசே துக்கத்துக்கு அடையாளமாகக் கிழிந்த பெரிய பாயைக் கழுத்தளவுக்குச் சுற்றிக்கொண்டு, கொல்லையில் அடுப்புக் குழியருகே கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை, சாவுச் செய்தி கேட்டு, கிடைத்த படகைப் பிடித்துக் கலோலைனே வந்துவிட்டாள். நேரே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா அந்தக் கையில போட்டீங்க?"

"சதை இருக்குன்னு விக்கா சொன்னா. ஏன், மருந்து நல்லாத்தானே கேட்டுச்சு?"

"அது சதையா? வீக்கம். நோய் இருக்கிற பக்கத்துக் கை. மாசக்கணக்கா அப்படித்தான் இருக்கு. ஏத்துன மருந்தெல்லாம் பாயிலதான் ஊறிக் கிடக்கு."

மனாசே கத்தியைக் கீழே வைத்தான். "நீ சொல்லவே இல்லையே."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் கலோலைனே.

தண்ணீர் எடுக்க வந்த விக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. இரண்டு நாள் தூங்காத முகம்.

"நான் தப்பாக் குத்திட்டேனா மாமா?"

"நீ சரியாத்தான் குத்தினே. இடம்தான் தப்பு. இடத்தச் சொன்னவன் நான்." பிறகு, பிடிக்க ஒரு கொம்பைத் தேடுகிறவனைப் போலக் கேட்டான். "வலி கொறஞ்சுதுன்னு சொன்னியே?"

"அம்மா சொல்லச் சொன்னாங்க. நீங்க தொண்டையச் செருமுனதுலேருந்து, பேசுற நேரம் தவிர, பாயோட ஓரத்த வாயில திணிச்சுக்கிட்டாங்க. தம்பி காதுபட அழக்கூடாதாம். பல்லு பட்டு உதடெல்லாம் கிழிஞ்சு போச்சு." அவள் பேச்சில் கோபம் இல்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "நீங்க பேசிட்டே இருந்தீங்க. எப்ப எந்திரிச்சுப் போவீங்க, அம்மா எப்ப வாய்விட்டு அழுவாங்கன்னு நான் ஜன்னலையே பாத்துட்டு இருந்தேன்."

கலோலைனே தானும் துக்கத்துக்குச் சுற்றியிருந்த பாயின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க மனாசே ஆசையாகப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அக்காவின் வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"எங்க குத்தியிருக்கணும்?" என்று கேட்டாள் விக்கா.

மனாசே வீட்டுப் பக்கம் பார்த்தான். அக்கா கேட்க மாட்டாள் என்று தெரிந்தும் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"வயித்துல."

விக்கா குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"என்ன வெளிய கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, மாமா."

"சொல்லியிருக்கலாம்," என்றான் மனாசே.

அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். பின்னாலேயே ஓடிப்போய் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல மனாசேக்கு இருந்தது. வாசற்படி வரைதான் போக முடிந்தது.